காத்துல ஒரு குட்டிக்கரணம்!

கடல் தண்ணியை மூக்கு வழியா குடிச்சிருக்கீங்களா பாஸ்? நான் குடிச்சிருக்கேன். ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர் இல்ல... ரெண்டு மாசத்துல ஒரு குடம் தேறும்!

எதுக்குன்னு கேக்குறீங்களா? காத்துல எகிறி, ஒரே ஒரு சுத்து சுத்தி, மறுபடி நேரா வந்து தண்ணியில இறங்குறதுக்கு. மொத்தமே ஒண்ணரை செகண்ட் மேட்டர். அந்த ஒண்ணரை செகண்டுக்கு நான் கொடுத்த விலை... ஒரு சம்மர் லீவு, ரெண்டு காதுலயும் வலி, தோள்பட்டையில ஒரு சுளுக்கு, அப்பாவோட ஒன்பது நாள் மௌனம். இதுல கடைசி ஐட்டம்தான் ரொம்பக் காஸ்ட்லி.

எங்க ஊர் ராமேஸ்வரம் தீவு. காலேஜ்ல ஊர்ப் பேரைச் சொன்னா எல்லாருக்கும் கோயிலும், 22 தீர்த்தமும், பாம்பன் பாலமும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது காத்து! எங்க வீட்டுக் கொடியில துணி காயப்போட்டா கிளிப் எல்லாம் பத்தாது, முடிச்சுப் போட்டுக் கட்டணும். இல்லேன்னா சட்டை பக்கத்துத் தெருவுல காயும்.

இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை, நடுவுல ஒடுங்கின கடல். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. டிசம்பர் வாக்குல வடகிழக்குக் காத்து. எங்க ஆளுங்க திசைக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. வடக்கே இருந்து வந்தா வாடை, கிழக்கே இருந்து வந்தா கொண்டல், மேற்கே இருந்து வந்தா கச்சான், தெற்கே இருந்து வந்தா சோழகம். வானிலை அறிக்கை எல்லாம் அப்புறம்தான்!

இந்தக் காத்தைத் தேடி வெளியூர்க்காரங்க, வெளிநாட்டுக்காரங்கன்னு முதுகுல பெரிய பெரிய பையோட வந்து இறங்குறாங்க. பைக்குள்ள என்னன்னு பார்த்தா... காத்தாடி!

நாம மொட்டை மாடியில விடுற காத்தாடி இல்லீங்க. 9 சதுர மீட்டர், 12 சதுர மீட்டர்னு ஒரு ரூம் சைஸுக்கு இருக்கும். 20 மீட்டருக்கு மேல நீளமா நாலு கயிறு. கயிறுங்க வந்து சேர்ற இடத்துல ஒரு கைப்பிடிக் கம்பி, அதுக்குப் பேரு 'பார்'. இடுப்புல ஹார்னஸ்னு ஒரு பட்டை. காத்தாடி இழுக்குறது அந்த இடுப்புப் பட்டையை. கைக்கு ஸ்டியரிங் வேலை மட்டும்தான். காலுக்கு அடியில ஒரு பலகை. காத்து இழுக்கும், பலகை வழுக்கும், நீங்க பறப்பீங்க. இதுதான் கைட் சர்ஃபிங்.

2024-ல பாரீஸ் ஒலிம்பிக்ல முதல்முறையா இதைச் சேர்த்தாங்க. போட்டி நடந்தது மார்செய் கடல்ல. ஆண்கள்ல ஆஸ்திரியாவோட வாலன்டின் பான்டஸ், பெண்கள்ல பிரிட்டனோட எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் அடிச்சாங்க. ஆனா அது ரேஸ். யாரு முதல்ல வர்றாங்கங்கிற கணக்கு. என்னைக் கவுத்தது ரேஸ் இல்ல... குட்டிக்கரணம்!

அப்பா போட்ட கண்டிஷன்

அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவர். சித்தப்பாவும் அப்படித்தான். நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு ராத்திரி கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வரலை. மூணாம் நாள் படகு மட்டும் கிடைச்சது. அன்னிக்கு அழுது முடிச்சப்புறம் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"கடல் என்னோட போகட்டும்டா. நீ படி."

படிச்சேன். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். ஃபர்ஸ்ட் இயர்லயே மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சேன். (அந்தச் சோகத்துக்கு அப்புறம் வர்றேன்.)

முதல் வருஷ லீவுல எங்க ஊர் காத்தாடி முகாம் ஒண்ணுல ஹெல்பர் வேலை கிடைச்சது. காத்தாடிக்கு பம்ப் அடிக்கணும், கயிறுகளைச் சிக்கு இல்லாம மணல்ல விரிக்கணும், பறக்க விடுறப்போ பிடிச்சுக்கணும், சாயந்திரம் எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவிக் காய வைக்கணும். வீட்டுல, "சாமான் கழுவுற வேலைப்பா"ன்னு சொன்னேன். முதல் மாசம் அது நூத்துக்கு நூறு உண்மை.

ரெண்டாவது மாசம் கோச் அண்ணன், "டேய், நாள் முழுக்க அடுத்தவனைப் பறக்க விடுறியே, நீ எப்போ பறக்கப் போற?"ன்னு ஒரு பழைய காத்தாடியை எடுத்துக் கொடுத்தாரு. அப்புறம் அது பாதிதான் உண்மை. மூணாவது மாசம்... வேணாம், விடுங்க!

மணல்ல நின்னு சின்ன காத்தாடி ஓட்டிப் பழகுறது, பலகை இல்லாம தண்ணியில இழுபட்டுப் போறது, பலகையில எழுந்து நிக்கிறது, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றது... முதல் லீவு இதுலயே போச்சு. ரெண்டாவது லீவுல குதிக்கக் கத்துக்கிட்டேன். குதிக்கத் தெரிஞ்சவனுக்கு அடுத்த ஆசை என்ன? சுத்துறது. அதுக்கு 'பேக் ரோல்'னு பேரு. சுத்துற வித்தைகள்ல எல்.கே.ஜி. அதான்னு சொல்லுவாங்க. அந்த எல்.கே.ஜி.யில நான் ரெண்டு மாசம் ஃபெயில்!

பாதிச் சுத்துல பவர் கட்

கோச் அண்ணன் மணல்ல குச்சியால கடிகாரம் வரைஞ்சு காட்டினாரு. தலைக்கு நேர் மேல 12 மணி. "வலது பக்கம் போறேன்னா காத்தாடியை 1 மணிக்கிட்ட நிறுத்து. அங்கயே இருக்கட்டும், ஆட்டாதே. முழங்காலை மடக்கு. குதிகாலை அழுத்தி, பலகையைக் காத்து வர்ற பக்கமா வளைச்சுத் திருப்பு. பின்னங்காலால ஒரு உதை. கிளம்பினதும் முன் தோளுக்கு மேலால பின்பக்கம் பாரு. பார்த்துக்கிட்டே இரு. உடம்பு தானா வரும். காத்தாடி மறுபடி கண்ணுல பட்டதும் காலை நீட்டி இறங்கு."

கேக்குறதுக்கு தோசை சுடுற மாதிரி ஈஸியா இருந்துச்சு.

முதல் தடவை பலகை திரும்புறதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பினேன். தண்ணியை விட்டுக் கிளம்பவே இல்ல, பக்கவாட்டுல படுத்தேன். ரெண்டாவது தடவை கிளம்பினேன், பாதி சுத்தினேன், முதுகு தண்ணியில 'பளார்'! மூணாவது, நாலாவது, பத்தாவது... எல்லாம் அதே பளார். இடுப்புல இருந்த ஹார்னஸ் அக்குளுக்கு வந்துடும். நடுவுல ஒரு நாள் கால்ல சொறி பட்டு, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. ஃபிசிக்ஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல கோடு போட்டுக் கணக்கு வெச்சேன். 80-க்கு மேல கோடு போட மனசு வரலை.

பிரச்னை என்னன்னா, எல்லாத் தடவையும் நான் விழுறது அதே இடத்துல... சரியா பாதிச் சுத்துல! அந்த இடத்துல உங்க முதுகு காத்தாடிப் பக்கம் இருக்கும். மூஞ்சி காத்து வர்ற பக்கம். காத்தாடி எங்க இருக்குன்னு தெரியாது. இறங்கப் போற தண்ணியும் தெரியாது. கண்ணுக்கு முன்னாடி வெறும் வானம். அந்த அரை செகண்ட்ல என் மூளைக்குள்ள 'டப்'புன்னு பவர் கட் ஆயிடும். உடனே ரெண்டு காரியம் பண்ணுவேன். ஒண்ணு, கீழே குனிஞ்சு தண்ணி எங்கேன்னு தேடுவேன். பார்வை நின்னா சுத்தும் நின்னுடும். ரெண்டு, கையில இருக்குற பாரை நெஞ்சோட சேர்த்து இழுத்துக் கட்டிப்பிடிச்சுக்குவேன்.

இந்த ரெண்டாவதுதான் டேஞ்சர். பாரை உங்க பக்கம் இழுத்தா காத்தாடி காத்தை அதிகமாப் பிடிக்கும். தள்ளினா காத்தை விட்டுடும். ஒரு கை மட்டும் கூட இழுத்தா அந்தப் பக்கமா திரும்பிப் பாயும். ரொம்ப இழுத்துத் தொங்கினா காத்தாடி பின்வாங்கி, பொத்துனு கீழே வரும். அதாவது, பயத்துல நாம எதைப் பண்ணுறோமோ, அதுவே நம்மளைக் கவுக்கும்!

"கையை ஆட்டாதேடா"ன்னு அண்ணன் நூறு தடவை கத்தினாரு. நானும் நூறு தடவை தலையாட்டினேன். கை கேக்கணுமே!

அந்த ஜூன் மதியம்

காலையில வலை பின்னிக்கிட்டே அப்பா வானத்தைப் பார்த்தாரு. "மேக்கால கறுத்திருக்கு. மதியத்துக்கு மேல காத்து கூடும்"னு யாருகிட்டயோ சொல்ற மாதிரி சொன்னாரு. நான் போனைப் பார்த்தேன். 'நாள் முழுக்க 14 நாட்'னு ஆப் சொல்லுச்சு. ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர். நான் ஆப்பை நம்பினேன்.

எங்க ஊர் வடகரையில தென்மேற்குக் காத்து தீவைத் தாண்டித்தான் வரும். அதனால கரையோரத் தண்ணி தாம்பாளம் மாதிரி தட்டையா இருக்கும். வித்தை பழக சூப்பர் இடம். ஆனா ஒரு கண்டிஷன்... காத்து கரையில இருந்து கடலுக்குப் போகுது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களும் அதுகூடவே போவீங்க. அதுக்குத்தான் முகாம்ல எப்பவும் ஒரு படகு தயாரா நிக்கும்.

மதியம் ரெண்டு மணி இருக்கும். அண்ணன் கரையில நின்னு எல்லாரையும் 'வெளியே வா'ன்னு கை காட்டினாரு. மத்தவங்க திரும்பினாங்க. நான் மட்டும், 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு போனேன். இந்த 'ஒரே ஒரு தடவை' எத்தனை பேரைக் கவுத்திருக்கு... தெரியும்ல?

காலை மடக்கி ரெடியாகுறேன். பக்கத்துத் தண்ணி கறுத்துக்கிட்டே என்னைப் பார்த்து ஓடி வருது. காத்து கூடி வர்றதோட அடையாளம் அது. சின்ன வயசுல அப்பா சொல்லிக் கொடுத்தது. பார்த்தேன், ஆனா லேட்.

இங்க கொஞ்சம் ஃபிசிக்ஸ். காத்தோட வேகம் 14 நாட்ல இருந்து 20 நாட் ஆனா, ஒண்ணரை மடங்குகூட ஆகலை. ஆனா இழுவை, வேகத்தோட வர்க்கத்துக்குத் தகுந்த மாதிரி ஏறும். அதாவது, அதே காத்தாடி ரெண்டு மடங்கு இழுக்கும். அன்னிக்கு வந்தது 20-க்கு மேலேயே இருந்திருக்கும்.

தூக்குச்சு. நான் குதிக்கலை, அது தூக்குச்சு. பழக்க தோஷம்... பாரை இழுத்துக் கட்டிப்பிடிச்சேன். இன்னும் மேல தூக்குச்சு. அப்புறம் விட்டுச்சு. விலாவுல அடி. பலகை எங்கேயோ போச்சு. காத்தாடி ஒரு வட்டம் போட்டு என்னைத் தண்ணிக்குள்ளயே தரதரன்னு இழுக்குது. மூச்சு விடவும் முடியலை. கை மட்டும் பாரை விடவே இல்ல.

ஹார்னஸ் பக்கத்துல சிவப்பா ஒரு பிடி இருக்கும். முன்பக்கமா தள்ளினா எல்லா இழுவையும் அவுந்துடும். முதல் நாள் பாடமே அதுதான். நான் எத்தனையோ பேருக்கு மணல்ல அதைத் தொட்டுக் காட்டியிருக்கேன். அதுக்கு என் கையைக் கொண்டுபோக எத்தனை நேரம் ஆச்சுன்னு தெரியலை. தள்ளினேன். காத்தாடி ஒத்தைக் கயித்துல தொங்கி, அடங்கித் தண்ணியில விழுந்துச்சு.

திடீர்னு ஒரே அமைதி. கரை சின்னதா தெரிஞ்சுது. முகாம் படகு அந்தப் பக்கம் இன்னொரு ஆளைத் தூக்கிட்டு இருந்துச்சு. கத்துக்கிட்டபடி கயிறுகளைப் பார்ல சுத்திக்கிட்டே நீந்திப்போய்க் காத்தாடியைப் பிடிச்சேன். அதோட முன் விளிம்புல காத்தடைச்ச குழாய் இருக்கும், மிதக்கும். பிரான்ஸ் நாட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, புருனோ லெகேனு, டொமினிக் லெகேனு, 1984-ல காப்புரிமை வாங்கின ஐடியா அது. அன்னிக்கு அந்தக் குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அந்த ரெண்டு பேருக்கும் மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். சித்தப்பா ஞாபகம் வந்துச்சு. அவருக்கு இப்படி ஒரு குழாய்கூட இருந்திருக்காதுன்னு நினைச்சேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத வரலை.

தொழில் முடிஞ்சு திரும்பிட்டு இருந்த எங்க தெரு மாமா ஒருத்தர் பார்த்துட்டாரு. படகுல தூக்கிப் போட்டுக்கிட்டு நேரா எங்க ஆளுங்க கரையேத்துற இடத்துக்கே கொண்டுபோயிட்டாரு. அங்க... அப்பா. வலையோட உட்கார்ந்திருந்தாரு. என்னைப் பார்த்தாரு. இடுப்புல இருந்த ஹார்னஸைப் பார்த்தாரு.

"இதான் நீ கழுவுற சாமானா?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒன்பது நாள் அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அடிச்சிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். அம்மாதான் நடுவுல, "ஏய்யா, ஏன்யா இப்படிப் பண்ணுன? அவரு ராத்திரி எல்லாம் முழிச்சே கிடக்காருய்யா"ன்னு சொல்லிட்டு, கஞ்சியை வெச்சுட்டுப் போயிட்டாங்க. நான் முகாம் பக்கமே போகலை. விலா வலிக்குதுன்னு சொன்னேன். வலிச்சது விலா மட்டும் இல்ல.

"இது பாய்தான்டா!"

பத்தாம் நாள் சாயந்திரம். அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு, "வா"ன்னாரு. எங்கேன்னு கேக்கத் தைரியம் இல்ல. நேரா முகாமுக்குப் போனாரு. கோச் அண்ணன் எழுந்து நின்னுட்டாரு. நான் மனசுக்குள்ள, 'போச்சுடா'ன்னு நினைச்சேன்.

அப்பா, "அந்தக் கம்பியைக் காட்டுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு.

புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு குட்டிக் காத்தாடி உண்டு. அண்ணன் அதைப் பறக்க விட்டு, அப்பா கையில கொடுத்தாரு. எல்லாரும் முதல் தடவை அதைத் தலைகுப்புற மணல்ல குத்துவாங்க. நான் பதினோரு தடவை குத்தினேன். அப்பா குத்தலை. காலை அகட்டி நின்னாரு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாரு, ஒரு தடவை விட்டுப் பார்த்தாரு. ரெண்டே நிமிஷம்... காத்தாடி அவர் சொன்ன இடத்துல நின்னுச்சு!

"இது பாய்தான்டா. கயிறுதான் நீளம்"னாரு.

அவருக்குப் பதினஞ்சு வயசா இருக்கும்போது தாத்தாவோட வள்ளத்துல இன்ஜின் கிடையாதாம். பாய்தான். பாய்க்கயிறைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றது இவரோட வேலை. காத்தாடியில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாரு.

"பாயில காத்து மிஞ்சிப் போச்சுன்னா கயிறைத் தளர்த்தி விட்டுடணும். காத்து பாட்டுக்குப் போயிடும். பயந்துபோய் இழுத்துப் பிடிக்கிறவன்தான் கவுந்து போவான். முதல் தடவை நானும் இழுத்துத்தான் பிடிச்சேன். உங்க தாத்தா முதுகுலயே ஒண்ணு வெச்சாரு."

கோச் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. ரெண்டு மாசமா அவர் சொன்னதும் அதேதானே! ஆனா சில விஷயம் சில பேர் சொன்னாத்தான் உள்ள இறங்கும் போல.

திரும்பி வரும்போது அப்பா ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, "பொய் சொல்லிட்டுப் போகாதே. எங்க தேடுறதுன்னாவது எனக்குத் தெரியணும்." ரெண்டு, "எந்தக் காத்துல போகலாம்னு நான் சொல்லுவேன். அந்த போன் சொல்லக் கூடாது."

ரெண்டுக்கும் தலையாட்டினேன். இந்தத் தடவை நிஜமா.

ஒண்ணரை செகண்ட்

அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் சுத்தவே இல்ல. சும்மா குதிச்சேன். குதிக்கும்போது பாரை ரெண்டு விரல், ரெண்டு விரலா மட்டும் பிடிச்சேன். இறுக்கிப் பிடிக்கணும்னு நினைச்சாலும் முடியாது. இழுவை இடுப்புலதான் இருக்கு, கை சும்மா இருந்தாலும் விழ மாட்டேன்னு உடம்புக்குப் புரியறதுக்கே ஒரு வாரம் ஆச்சு. கரையில நின்னுக்கிட்டு, தோளுக்கு மேலால பார்த்துக்கிட்டே சுத்திச் சுத்திப் பழகினேன். அந்தப் பக்கம் போன பாட்டி ஒருத்தங்க, "பிள்ளைக்குக் காத்துக் கருப்பு எதுவும் அண்டிருச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

ஜூலை முதல் சனிக்கிழமை. அப்பா காலையிலயே, "இன்னிக்குச் சீரா இருக்கும், போ"ன்னு சொல்லிட்டுத் தொழிலுக்குப் போயிட்டாரு. 16 நாட் இருக்கும். வலது பக்கம் கிளம்பினேன். காத்தாடி 1 மணியில. முழங்கால். குதிகால். பலகை வளைஞ்சுது. உதை.

தோளுக்கு மேலால பார்த்தேன். கரை போச்சு, தென்னை மரம் போச்சு, வெறும் வானம் வந்துச்சு. அதே இடம்! பாதிச் சுத்து. காத்தாடி தெரியலை, தண்ணி தெரியலை. கை துடிச்சுது. இழுக்கலை. இன்னும் பின்னாடியே பார்த்தேன். முழங்காலை நெஞ்சுக்கிட்ட மடக்கினேன்... சட்டுனு சுத்து வேகமாச்சு. ஓரக்கண்ணுல ஏதோ மஞ்சளா... காத்தாடி! நான் விட்ட இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. காலை நீட்டினேன். பலகை தண்ணியைத் தொட்டுச்சு. ரெண்டு தடவை தடுமாறி, நிமிர்ந்து, ஓடிக்கிட்டே இருந்தேன்.

சத்தியமா சொல்றேன், ஒருத்தரும் பார்க்கலை! கோச் அண்ணன் யாருக்கோ பம்ப் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. வீடியோ இல்ல, போட்டோ இல்ல, ஸ்டேட்டஸ் வைக்க ஒண்ணுமே இல்ல. அடுத்த மூணு தடவையும் பழையபடி பளார். அஞ்சாவது மறுபடி வந்துச்சு. அதை மட்டும் ஒரு சின்னப் பையன் பார்த்துட்டு, "அண்ணே, இன்னொரு தடவை விழு"ன்னான்.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "அப்பா, இன்னிக்கு முழுசா சுத்திட்டேன்."

"ம். கையை விட்டியா?"

"விட்டேன்ப்பா."

"சரி. அந்த வலையோட முனையைப் பிடி."

எனக்கு அது போதும்.

அரியர் கதை பாக்கி இருக்குல்ல? மெக்கானிக்ஸ். நவம்பர்ல மறுபடி எழுதினேன். அஞ்சு மார்க் கேள்வி... கோண உந்த அழிவின்மை விதியை எடுத்துக்காட்டுடன் விளக்குக. முதல் தடவை இதே விதியை, ஸ்கேட்டிங் ஆடுற பொண்ணு கையை மடக்கினா ஏன் வேகமா சுத்துறாங்கன்னு புக்ல இருக்குறதை மனப்பாடம் பண்ணி, பாதியில மறந்துட்டு, வெத்துத் தாளைக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை முழங்காலை மடக்கினதும் உடம்பு சட்டுனு சுத்தினதை அப்படியே எழுதிட்டேன். மார்க்? 58. யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் இல்லீங்க... ஆனா பாஸ்!

பேக் ரோல்ல இன்னொரு சிக்கல் இருக்கு. வலது பக்கம் போகும்போது வந்துடுச்சேன்னு இடது பக்கமும் வந்துடாது. உடம்புக்கு அது வேற பாடம். மறுபடி முதல்ல இருந்து, மறுபடி பாதிச் சுத்துல பவர் கட், மறுபடி பளார். அடுத்த லீவுக்கு அதான் சிலபஸ்.

காத்து எப்படின்னு அப்பா சொல்லுவாரு. மூக்கு ரெடி!